மாடு கன்று போட்ட சேதி

கென்யாவுக்குப் போய்விட்டு வர முடியுமா என்று மதர் என்னைக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில். வாய் நிறையத் தயிர்ச்சோறு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் நான் இருபத்திரண்டு வருடமாக டீச்சர். பள்ளியை நடத்துகிற மதரும் மற்றக் கன்னியர்களும் இருக்கிற சபையினர் கென்யாவின் மலைப்பகுதியிலும் அதேபோல ஒரு பள்ளி நடத்துகிறார்கள். இரண்டு வாரம் வந்து தங்குங்கள், பிள்ளைகளோடு பழகுங்கள், உங்கள் ஊரில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று எங்களுக்கும் காட்டுங்கள் என்று அங்கிருந்து அழைப்பு வந்திருந்தது. இரண்டு பேர் வரலாம்.

இரண்டாவது ஆள் யார் என்று ஆசிரியர் அறையில் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தது. மதர் எங்கள் யாரையும் கேட்காமல் ஹாஸ்டல் வார்டனின் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்.

வார்டனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் பள்ளியில் படித்தவள்தான். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் சைகைகளில் பிழை பிடித்தவள். இப்போது முப்பத்தைந்து வயது. எழுபது பெண்பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறாள். மற்றவர்களுக்கு அவர் வார்டன் அம்மா. எனக்கு மட்டும் ‘அவள்’ என்றுதான் வருகிறது. கோபித்துக்கொள்ள மாட்டாள். அவள் பேசுவதெல்லாம் கையாலும் முகத்தாலும்தான். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் கை அசைந்தால் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகவே கேட்கும். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

விஷயம் தெரிந்ததும் அவளுடைய அப்பா அரியக்குடிப் பக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்துவிட்டார். விவசாயி. வயலில் இருந்து அப்படியே கிளம்பியிருந்தார்.

“டீச்சரம்மா, அந்த ஊரு எங்குட்டு இருக்கு?”

“ஆப்பிரிக்காவுலங்கய்யா. கடலத் தாண்டி.”

“சோறு கிடைக்குமா?”

“கிடைக்கும்னு சொல்றாகய்யா.”

“நீங்க கூடவே இருப்பீகள்ல? இவளுக்குப் பேச்சு வராது. அங்குட்டு உள்ளவகளுக்கு நம்ம பாஷையும் தெரியாது. தொலைஞ்சா யார்ட்டப் போயி என்னன்னு கேப்பா?”

“நான் கையப் புடிச்ச புடி விடமாட்டேன்ங்கய்யா” என்றேன். சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

அவர் மகள் பக்கம் திரும்பி, கையை விரித்து விமானமாகப் பறக்கவிட்டு, அதில் ஒரு ஜன்னலைத் திறந்து, ‘தொறந்தே, அவ்வளவுதான்’ என்று விரலை ஆட்டி எச்சரித்தார். அவள் சத்தியம் செய்து கொடுத்தாள். அவர் நிம்மதியாகப் பஸ் ஏறினார்.

மதுரையிலிருந்து மும்பை, அங்கிருந்து நைரோபி. வழியெல்லாம் நான் என் ஆங்கில உரையைப் படித்துக்கொண்டே வந்தேன். கம்ப்யூட்டரில் நாற்பது படங்கள் தயார் செய்திருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் பேச்சு. அவள் பக்கத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தாள்.

நைரோபியிலிருந்து பள்ளி வேனில் ஐந்து மணி நேரம். மேலே ஏற ஏறக் குளிர் கூடியது. சாலையோரத்து மண்ணைப் பார்த்ததும் அவள் என் தோளைத் தட்டினாள்.

“டீச்சர், செம்மண்ணு. நம்ம ஊருதான் இது.”

“நம்ம ஊருல இதுமேல என்ன வெளையுது? கருவேலந்தான. இங்குட்டுப் பாரு” என்றேன். கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மழை பெய்யுற நம்ம ஊரு” என்று திருத்திக்கொண்டாள்.

நாங்கள் போய் இறங்கியது இரவுச் சாப்பாட்டு வேளை. காது கேளாத பிள்ளைகளின் பள்ளி அமைதியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்க்க வேண்டும். பெஞ்சு இழுபடுகிற சத்தம், தட்டு விழுகிற சத்தம், எதிரில் இருப்பவரைக் கூப்பிட மேசையைக் குத்துகிற சத்தம், இன்னும் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடத் தரையை மிதிக்கிற சத்தம். கண்ணை மூடிக்கொண்டால் நான் எங்கள் ஹாஸ்டலில்தான் இருந்தேன். கண்ணைத் திறந்தால் அரக்கு நிற ஸ்வெட்டர் போட்ட நூறு பிள்ளைகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் போலவே இருபது வருட அனுபவம் உள்ள ஒரு டீச்சர் அங்கே இருந்தார். உயரமானவர், நிதானமானவர். அவருக்குக் காது கேட்கும், ஆங்கிலம் பேசுவார். அவர் என்னை முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். நான் எங்கள் ஊர்ச் சைகையில் வணக்கம் சொல்லி, எங்கிருந்து வருகிறோம், எத்தனை நாள் இருப்போம் என்று சொன்னேன். நூறு முகங்களில் ஒன்றுகூட அசையவில்லை. நாட்டுக்கு நாடு சைகை மொழி வேறு என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் உள்ளுக்குள் நம்முடையது புரிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன் போல.

சரி, பெயரையாவது எழுத்து எழுத்தாகச் சொல்வோம் என்று ஆங்கில எழுத்துகளை விரலால் போட்டேன். எங்கள் முறையில் எழுத்துக்கு இரண்டு கையும் வேண்டும். முன்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். பதினான்கு வயது இருக்கும், முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. எழுந்து நின்று ஏதோ கேட்டாள். ஹால் முழுக்கக் குலுங்கியது. டீச்சர் எனக்கு மொழிபெயர்த்தார்.

“ஒரு எழுத்துக்கு ரெண்டு கையா என்று கேட்கிறாள். நாங்கள் ஒரு கையில் முடித்துவிடுவோம். நீங்கள் சாப்பிடும்போது எப்படிப் பேசுவீர்கள் என்கிறாள்.”

நான் பதிலை ஆங்கிலத்தில் யோசித்துக்கொண்டிருந்தபோது வார்டன் என்னைத் தாண்டி முன்னால் போனாள். யாரும் அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை. பிள்ளை தன் தட்டைக் காட்டியதும் கையைக் காட்டியதுமே அவளுக்குப் போதுமாக இருந்தது. பதில் சொன்னாள்: “எங்க ஊரு கோழிக்கொழம்ப ஒருவாட்டி தின்னு பாரு. பேசவே தோணாது.” கோழியைக் காட்டி, அடுப்பைக் காட்டி, ஒரு வாய் சாப்பிட்டு, கண் செருகி, பேச வந்தவரைக் கையால் தள்ளிவிட்டுக் காட்டினாள். நூறு பிள்ளைகளும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஆட்டினார்கள். காது கேளாதவர்கள் கைதட்டுவது அப்படித்தான். அந்த ஒன்று மட்டும் இரண்டு நாட்டிலும் ஒன்றாக இருந்தது.

அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளுக்கு விமானத்தில் வந்த கதையை நடித்துக் காட்டினாள். காதடைத்து நான் தவித்ததும், எனக்குக் கொடுத்த வெண்ணெயைப் பாலாடைக்கட்டி என்று நான் அப்படியே விழுங்கியதும் அதில் வந்தது. நான் தனியாக ஒரு மூலையில் உகாலி சாப்பிட்டேன். மக்காச்சோள மாவில் கிண்டுகிற வெள்ளைக் களி. கீரையோடு நன்றாகவே இருந்தது.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. நாற்பது படங்களில் பன்னிரண்டாவது வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வார்டன் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் பேசிய ஆங்கிலம் அந்த டீச்சருக்குப் பாதி புரியவில்லை, அவர் பேசியது எனக்குப் பாதி புரியவில்லை. இருவரும் மாறி மாறி “மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டுக்கொண்டோம். நான்காம் நாளுக்குள் நிலைமை தலைகீழாகிவிட்டது. பிள்ளைகள் சொல்வதை வார்டன்தான் எனக்கு மொழிபெயர்த்தாள்.

“டீச்சர், உங்களுக்குப் பேரு வச்சிருக்காக.”

காது கேளாதவர்கள் மத்தியில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. ஆளைப் பார்த்ததும் நினைவுக்கு வருவதை வைத்து வைப்பார்கள். “என்ன பேரு?” என்றேன்.

மூக்கின்மேல் வழுக்கி இறங்கும் கண்ணாடியை ஒற்றை விரலால் தள்ளிவிட்டுக் காட்டினாள். பெயர் வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. பல்லிடுக்குப் பெண் தூண் மறைவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்காத நேரமே இல்லை. எந்தக் கூட்டத்திலும் கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்கும். யாரைப் போலவும் நடந்து காட்டுவாள். மதர்களைக்கூட விடவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வருகிற நாள். பூசை முடிந்ததிலிருந்து வேன்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் நடந்தும் வந்துகொண்டே இருந்தார்கள். தாய்மார்கள் கையில் துணி மூட்டை. சப்பாத்தி, கோழி, அவித்த முட்டை, கலர் பாட்டில். சப்பாத்திக்கு அங்கேயும் சப்பாத்தி என்றுதான் பெயர். விளையாட்டு மைதானத்துப் புல்லில் துணியை விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்தார்கள். எங்கள் பள்ளியில் மாதத்தின் முதல் ஞாயிறு எப்படி இருக்குமோ அப்படியே. வந்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கிற வேலையை நானும் வார்டனும் எடுத்துக்கொண்டோம்.

முதல் கால் மணி நேரம் கட்டிப்பிடிப்பதும் கண்ணைத் துடைப்பதுமாகப் போகும். அதற்குப் பிறகு நடப்பதும் எனக்குத் தெரியும். அம்மா பிள்ளையின் காலரைச் சரிசெய்வாள். இன்னொரு சப்பாத்தியைத் தட்டில் வைப்பாள். பிள்ளை சாப்பிடும். அப்பா மரத்தைப் பார்ப்பார். பெற்றோருக்குச் சைகை தெரியாது. சொல்லித்தர ஊரில் ஆளும் இல்லை. பிள்ளை பள்ளியில் கற்ற மொழியை வைத்துக்கொண்டு வீட்டில் பேச யாரும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக எங்கள் ஊரில் இதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறெங்காவது ஏதாவது வேலை இருக்கும்.

பல்லிடுக்குப் பெண்ணின் அப்பா தாமதமாகத் தனியாக வந்தார். பழைய கோட்டு, தலையில் தொப்பி, காலில் சேறு படிந்த ரப்பர் பூட்ஸ். தேயிலை பறித்து விற்கிற சிறு விவசாயி, மனைவி கிடையாது என்று அந்தப் பள்ளி டீச்சர் சொன்னார். சுட்ட மக்காச்சோளமும் வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தார். மகளின் தலையில் கைவைத்தார். பிறகு இருவரும் உட்கார்ந்தார்கள். வாரம் முழுக்கக் கையை ஓயவிடாத அந்தப் பெண் இப்போது குனிந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார், மூடினார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். அவரிடம் ஏதோ ஒரு சேதி இருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது.

வார்டன் கையிலிருந்த தேநீர்த் தட்டை என்னிடம் கொடுத்தாள்.

“எங்க போற? வேணாம். அது அவுக வீட்டு விஷயம்” என்றேன்.

“சும்மா இருங்க டீச்சர். இது என் சப்ஜெக்ட்டு.”

போய் அவர்கள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த மனிதர் திகைத்தார். அவள் தன்னைக் காட்டினாள், காதைக் காட்டி இல்லை என்றாள். பிறகு பெரிய மீசை வைத்த ஓர் ஆளை நடிப்பிலேயே அங்கே கொண்டுவந்தாள்: “எங்க அப்பா.” அந்த அப்பா ஹாஸ்டலுக்கு வருகிறார், முறுக்குப் பொட்டலத்தை நீட்டுகிறார், சுவரைப் பார்க்கிறார், தரையைப் பார்க்கிறார், கிளம்பிப் போகிறார். மாதாமாதம் இதே கதை. ஒரு மாதம் மட்டும் அவருக்கு ஒரு சேதியைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. பொங்கலுக்கு அவளுக்கு எடுத்துவைத்த புதுப் பாவாடையை வீட்டு ஆடு தின்றுவிட்டது. அதை எப்படிச் சொல்வது? மீசைக்காரர் இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு ஹாஸ்டல் முற்றத்தில் அத்தனை பேர் முன்னாலும் ஆடாக மாறிவிட்டார்.

அவள் அந்த ஆடாக மாறினாள். தாடி, கொம்பு, ஒரு பக்கமாக அசைபோடுகிற வாய். மேசைமேல் ஏறி, பாவாடையை முகர்ந்து, ஓரத்தைக் கடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தாள். பின்னால் அம்மா துடைப்பத்தோடு ஓடிவருகிறாள். ஆடு வாயில் நாடா தொங்க வேலி தாண்டுகிறது. ஆடு எல்லா ஊரிலும் ஆடுதானே. கென்ய அப்பா தொப்பி கீழே விழச் சிரித்தார். மகளும் சிரித்தாள். சிரித்துவிட்டு அவர் சிரிப்பதை அதிசயமாகப் பார்த்தாள்.

வார்டன் ஆட்டு வேஷத்தைக் கலைத்துவிட்டு, அவரைப் பார்த்து உள்ளங்கையை விரித்தாள். இப்போது உங்கள் முறை. வீட்டில் என்ன சேதி?

அவர் சுற்றிலும் பார்த்தார். டீச்சர் மொழிபெயர்க்க அருகே வந்தார். வார்டன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி அவரை நிறுத்திவிட்டாள்.

அந்த மனிதர் எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இரண்டு கையையும் தலைக்குமேல் வைத்தார்: கொம்பு. வயிறு பெருத்திருக்கிறது என்று காட்டி, நான்கு அடி தள்ளாடி நடந்தார். மகள் தன் நெற்றியில் ஒரு வட்டம் போட்டுக் கேட்டாள்: நெத்திச்சுட்டி மாடா? ஆமாம், அதேதான். பிறகு அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் எதையோ பிடித்து இழுத்தார், இழுத்தார், இழுத்த வேகத்தில் புல்லில் மல்லாந்து விழுந்தார். எழுந்து, முழங்கால் நடுங்க நிற்கிற சின்ன உருவம் ஒன்றைக் காட்டினார்.

மகள் துள்ளி எழுந்தாள். அவர் பொறு என்றார். இரண்டு விரலைக் காட்டினார்.

அவள் நம்பவில்லை. தானும் இரண்டு விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டிக் கேட்டாள்: ரெண்டா? அவர் மாட்டின் இரண்டு பக்கமும் நின்று பால் குடித்துக் காட்டினார். ஒன்று இந்த நிறம் என்று தொப்பியைத் தட்டினார், இன்னொன்று இந்த நிறம் என்று கோட்டைத் தட்டினார். யார் இழுத்தது என்று அவள் கேட்டாள். அவர் தன் நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்தப் பெண் செய்ததை நான் மறக்க மாட்டேன். அவருடைய காய்ப்புப் பிடித்த கையை எடுத்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கி, தன் பள்ளியின் சைகையில் ‘மாடு’ என்று போடவைத்தாள். அவர் தப்பாகப் போட்டார். தட்டிவிட்டுத் திருத்தினாள். அடுத்து ‘இரண்டு’. அடுத்து ‘மகள்’. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

பக்கத்துத் துணிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஓர் அம்மா எழுந்து, காற்றில் வீட்டுக்கூரைத் தகரம் பறந்துபோனதை நடித்தாள். ஒரு பையன் தான் போட்ட கோலை மூன்று முறை போட்டான், மூன்றாவது முறை அவனுடைய தாத்தாவே கோல்கீப்பராக நின்றார். அரை மணி நேரத்தில் மைதானம் முழுக்கக் கோழியும் கழுதையும் கல்யாணமுமாக இருந்தது. என் கையிலிருந்த தேநீர் ஆறிப் போயிருந்தது.

டீச்சர் என் அருகில் வந்து நின்றார். “இது உங்கள் நாற்பது படங்களில் இருந்ததா?” என்று கேட்டார். அந்த ஆங்கிலம் எனக்கு முழுசாகப் புரிந்தது. இல்லை என்றேன். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம்.

சாயங்காலம் குழாயடியில் கோப்பை கழுவும்போது வார்டனிடம் கேட்டேன். “உனக்கு எப்படித் தோணுச்சு அது?”

ஈரக் கையை உதறிவிட்டுச் சொன்னாள். “இதுல தோண என்ன இருக்கு டீச்சர்? கையால பேசத் தெரியாதவகளோடதான நான் வளந்தேன். எங்க வீட்டுல அப்படிப் பேசத் தெரியாத ஆளுக மொத்தம் ஆறு பேரு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருடம் அந்த ஆறு பேரை நான் ஒரு பாடமாக நினைத்ததே இல்லை. “ஆடு பாவாடையத் தின்னது நெசமா?” என்று பேச்சை மாற்றினேன்.

“நெசந்தான். மேசையில மட்டும் ஏறல. அது நான் போட்டது.”

ஊருக்குத் திரும்பிய அடுத்த மாதமே அவள் மதரிடம் ஒரு அனுமதி வாங்கிவிட்டாள். முதல் ஞாயிறு வருகிற பெற்றோர் யாராக இருந்தாலும் வீட்டுச் சேதி ஒன்றைப் பிள்ளையிடம் தாங்களே சொல்ல வேண்டும். சொல்லி, பிள்ளைக்குப் புரிந்த பிறகுதான் டீச்சரைப் பார்க்கலாம். முதல் மாதம் ஒரே முணுமுணுப்பு. “பேங்க்குல வேலை பாக்குறேன் டீச்சர், என்னப் போயி குதிக்கச் சொல்றீகளே” என்று ஒருவர் என்னிடமே வந்து முறையிட்டார். வார்டன் மேற்பார்வைக்கு நின்றாள். நான் இப்போது அந்த நேரத்தில் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

போன மாதம் தேவகோட்டைப் பக்கத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். மகனுக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்த சேதியை ஆறாம் வகுப்பு மகளிடம் சொல்ல வேண்டும். மீசையைக் காட்டினார், அண்ணன். விரலைப் பிடித்து மோதிரம் போட்டுக் காட்டினார். மகள் முகம் வாடிவிட்டது. என்னிடம் ஓடிவந்து, அண்ணனுக்கு விரலில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றாள். அம்மாவிடமே போய்க் கேள் என்று திருப்பி அனுப்பினேன்.

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். மாலை மாற்றினார், வாழை இலை போட்டார், பாயசம் குடித்தார். பிள்ளைக்கு விளங்கிவிட்டது. கூத்தாடினாள். உடனே அடுத்த கேள்வியைக் கேட்டாள்: பொண்ணு எப்படி இருக்கும்?

அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி, தலையைக் குனிந்து, ஓரக்கண்ணால் எல்லாரையும் எடைபோட்டபடி, வருங்கால மருமகளாக அந்த முற்றத்தில் நடக்கத் தொடங்கினார். அவருக்கு மருமகள்மேல் என்ன அபிப்பிராயம் என்று அந்த நடையிலேயே எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.